பழைய ஏர் பிஸ்டலுக்குப் பேரணாம்பட்டுத் தோல்

பழைய ஸ்பிரிங் ஏர் பிஸ்டலில் வேகம் குறைந்தால் எல்லாரும் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது பிஸ்டன் முனையில் இருக்கும் தோல் வாஷரை. ஸ்பிரிங் விரியும்போது பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை அழுத்துகிறது, அந்தக் காற்று ஓரமாகக் கசியாமல் பிடித்து வைப்பது கிண்ணம் மாதிரி இருக்கும் இந்தத் தோல் துண்டுதான். அது காய்ந்து சுருங்கிவிட்டால் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) பாதி வழியிலேயே விழும். (4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ள, உரிமம் தேவையில்லாத வகையைத்தான் சொல்கிறேன். தோட்டா போடும் துப்பாக்கி என்றால் உரிமம் பெற்ற கடைக்குப் போங்கள்.)

எங்கள் பேரணாம்பட்டில் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குரோம் உப்பில் பதப்படுத்திய தோல் வேண்டாம், நனைத்து அழுத்தினாலும் வடிவம் சரியாக நிற்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி தாவரச் சரக்கில் பதப்படுத்திய கெட்டித் தோலாகக் கேட்டு வாங்கி, வட்டமாக வெட்டி, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அச்சில் அழுத்தி நிழலில் காயவிட வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது, தோல் சுருங்கிக் கட்டையாகிவிடும். அப்புறம் சிலிண்டருக்குள் இறுக்கமாகவும் சிக்காமலும் நகரும்வரை ஓரத்தை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும், எனக்குப் பிடித்த வேலையே இதுதான்.

பிரிக்கும்போது கவனம்! உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்திலேயே இருக்கும், கிளாம்ப் போடாமல் பின்மூடியைக் கழற்றினால் முகத்துக்கே பாயும். தையல் மெஷின் எண்ணெயும் விடாதீர்கள், அழுத்திய காற்றின் சூட்டில் எரியும். சிலிக்கான் எண்ணெய் கொஞ்சம் விட்டால் போதும். பெல்லட் போடாமல் சுட்டுப் பார்க்கவும் வேண்டாம், பிஸ்டன் நேராகப் போய் மோதிப் புது வாஷரும் நசுங்கிவிடும்.