கை ஓங்குவதற்கு முந்தைய நொடிகள்

சிறையில் அடிதடி எப்போது நடக்கும் என்று கேட்டால், பழைய வார்டர் நேரத்தையே சொல்லிவிடுவார்: தண்ணீர் வரிசை, மனு முடிந்த மதியம், அறையில் அடைத்துப் பூட்டும் லாக்-அப் எண்ணிக்கைக்கு முந்தைய அரை மணி. (உறவினர் சந்திப்பை நம்மூரில் 'மனு' என்பார்கள்; தில்லி திகாரில் 'முலாகாத்'.) ஒரு பக்கெட்டுக்காகவா மண்டையை உடைத்தான் என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். வாய்தா தள்ளிப்போனது, மனைவி வராதது, மூன்று நாளாகத் தூக்கமில்லாதது எல்லாம் அதற்கு முன்பே அவன் உடம்பில் ஏறியிருக்கும்.

எதிரே வருவது ஆபத்தா என்று முதலில் மணியடிப்பது அமிக்டலா. பாதாம் பருப்பு அளவில், பக்கத்துக்கு ஒன்றாக, மூளைக்குள் ஆழத்தில் இருக்கிறது. மணியடித்த சில நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலந்துவிடும். அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் மெதுவாக ஏறி 20 - 30 நிமிடத்தில் உச்சம் தொடும். 'வேண்டாம்டா, தண்டனை கூடிடும்' என்று சொல்ல வேண்டியது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி. மூளையை உஷார்ப்படுத்தும் நார்அட்ரினலின் அளவு மீறும்போது அதன் பிடி தளர்ந்துவிடுகிறது. சண்டையை விலக்கிய ஐந்தாம் நிமிடமே இருவரையும் எதிரெதிரே நிறுத்தி விசாரித்தால் மறுபடி கைகலப்பாவது இதனால்தான். தனித்தனியே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரமாவது விட்டுவிட வேண்டும்.

நீண்ட நாள் அழுத்தம் வேறு கதை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்த்ரா சத்தர்ஜி குழு 2002-இல் ஒரு எலி ஆய்வை வெளியிட்டது. தினம் 2 மணி நேரம் அசைய முடியாதபடி 10 நாள் எலிகளை அடைத்துவைத்தார்கள். நினைவுக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின, அமிக்டலாவில் வளர்ந்தன. பிறகு 21 நாள் நிம்மதியாக விட்டும் அமிக்டலா பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று அடுத்த ஆய்வில் தெரிந்தது. எலிக்குப் பலித்தது எல்லாம் மனிதனுக்குப் பலிக்காது. ஆனாலும், 'கொஞ்ச நாள் போனா தானா அடங்கிடுவான்' என்பதை அவ்வளவு எளிதாக நம்ப முடியவில்லை.

தியானம் இங்கே என்ன செய்யும்? கொதிப்பில் இருப்பவனிடம் 'கண்ணை மூடி உட்கார்' என்பது வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுகிற வேலை. முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். 1975-இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா விபாசனா (மூச்சையும் உடம்பின் உணர்ச்சிகளையும் கவனிக்கும் தியானம்) முகாம் நடத்தியபோது, கைதிகளின் விலங்கைக் கழற்றினால்தான் சொல்லித்தருவேன் என்றார். கிரண் பேடி தில்லி சிறைகளின் தலைவராக இருந்த காலத்தில், 1994 ஏப்ரலில், திகாரில் 1000-க்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் உட்கார்ந்தார்கள்.

முகாம் 10 நாள். விடிகாலை 4 மணிக்கு எழுப்புவார்கள்; நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் உட்கார வேண்டும்; பேச்சு கிடையாது. முதல் மூன்று நாள் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே மூச்சுப் படுவதை மட்டும் கவனிப்பது. நான்காம் நாள் முதல் தலையிலிருந்து கால்வரை உடம்பின் உணர்ச்சிகள். பிறகு நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், அசையாமல். வேலை நடப்பதே இங்கேதான். முழங்கால் கடுக்கும், கை தானாகக் கிளம்பும், கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே விட்டுவிட வேண்டும். தாடை இறுகுவதும் காது சூடாவதும் அடிக்கு முன்னோடி என்று ஒருவன் கண்டுகொண்டால், தண்ணீர் வரிசையில் அவனுக்கு இரண்டு மூன்று நொடி கூடுதலாகக் கிடைக்கும். எதிர்பார்க்க வேண்டியதும் அவ்வளவுதான். 'மூளையே மாறிவிடும்' என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்: 8 வார மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) மூளையின் அமைப்பை மாற்றியதாகத் தெரியவில்லை என்று 2022-இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பத்து நாள் ஒதுக்க முடியாத இடத்தில் மூச்சை மட்டும் சொல்லித்தரலாம். நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். தப்பு நடப்பது 'நல்லா ஆழமா இழு' என்று சொல்லும்போது. நெஞ்சு புடைக்க இழுத்தால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, தலை சுற்றும், விரல் நுனி மரக்கும், பயந்துபோய் எழுந்துவிடுவான். எண்ணிக்கையை மாற்ற வேண்டாம், இழுக்கும் காற்றைக் குறைக்கச் சொன்னால் போதும்.

அடிபட்டு வளர்ந்தவர்கள் சிலருக்குக் கண்ணை மூடினாலே படபடக்கும். அவர்கள் முதுகைச் சுவரில் சாய்த்து, கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கட்டும். குரல் கேட்கிறது என்பவரையும், போதையை அண்மையில் நிறுத்தி நடுங்குபவரையும் உட்காரவைக்கக் கூடாது, முதலில் மருத்துவர்.

வார்டர்கள் முன்னதாகவே ஒரு முகாம் முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நூறு பேர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் சாவிக்கொத்தைக் கம்பியில் தட்டிக்கொண்டே நடந்துபோவார்.