சுங்கை சிப்புட்டுக்கு ஒரு டிக்கெட்

விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் பினாங்குதான். அதே வேன், அதே விடுதி, அதே நாசி கண்டார் கடை. கிள்ளானை விட்டு நான் தனியாக எங்கும் தங்கியதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்குப் போகிறேன் என்றதும், "அந்த ஊருக்கா? தனியாகவா?" என்றார் அம்மா. அது பாட்டி விட்டுச்சென்ற பயம். 1948 ஜூனில் அந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பாட்டி அப்போது அங்கே ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேர்ந்த பின்னும் அந்தப் பயம் எங்கள் வீட்டில் குடியிருக்கிறது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஈப்போவை ஒட்டிச் சுண்ணாம்புக் குன்றுகள், அப்புறம் செம்பனை. ஒரு காலத்தில் ரப்பர் நின்ற மண்.

மாலையில் கோவில் மண்டபத்தில் ஒரு மூதாட்டி பேச்சுக் கொடுத்தார். விடியுமுன் பிள்ளையை ஆயக்கொட்டகையில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விட்டுவிட்டுப் பிரட்டுக்கு, காலைப் பெயர்ப்பதிவுக்கு, ஓடிய காலத்தைச் சொன்னார். பால் வெட்டும் உளியைப் பிடிக்கும் விதத்தைத் தூணிலேயே காட்டினார்: இடது மேலிருந்து வலது கீழாக, பட்டை மெல்லிய சுருளாக உதிர வேண்டும், இம்மி ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். விரல்கள் கோணியிருந்தன, அந்தச் சாய்வு மட்டும் பிசகவில்லை.

லயம் என்ற வரிசை வீடுகள், பள்ளி, கோவில், கடை எல்லாமே தோட்டத்துக்குள் இருந்தன. வெளியுலகம் தேவைப்படவில்லை. ஆனால் நிலம் வெள்ளைக்காரத் துரையுடையது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடல் தொடங்கி அவை கைமாறியபோதுதான் அது உறைத்தது. இந்த ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களையே தோட்டம் வாங்க அழைத்தார். மூதாட்டியும் கணவரும் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குக்குக் கட்டினார்களாம்.

"பணம் போய்விடும் என்று பயமாக இல்லையா, பாட்டி?"

"பயம் இல்லாமல் இருக்குமா, அம்மா? பயந்துகொண்டேதான் கட்டினோம்."

கூலி வாங்கியே பழகிய கைகள் நிலத்துக்குப் பணம் நீட்டியிருக்கின்றன. அதைவிடப் பெரிய துணிச்சலை நான் கேள்விப்பட்டதில்லை. பயம் தீரட்டும் என்று இத்தனை காலம் காத்திருந்த எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை வீடு திரும்புவதாக இருந்தேன். பதிலாகக் கோலகங்சார் பஸ்ஸில் ஏறினேன். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் எஞ்சிய ஒன்று அங்கே இருக்கிறது. அதனடியில் நின்று அம்மாவை அழைத்தேன். வரும் பள்ளி விடுமுறைக்கு இருவரும் சுங்கை சிப்புட் வருகிறோம். வேன் வேண்டாம், ரயிலிலேயே போகலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.