ஸ்மிதர் வரையாத தெரு

மலர்க்குழுவினர் எங்களுக்குப் படவரைதல் படிப்பித்த சேரைப் பற்றி இரண்டு பக்கத்துக்குள் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சேர் இருந்திருந்தால், எந்த அளவுத் தாளில் என்று கேட்டிருப்பார். அவர் காலமான செய்தி போன மாசியில் வைபரில் வந்தது. லண்டன், பாரிஸ், ஸ்காபரோ என்று கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஒருவன் "மூன்றாம் அறை ஆடுகிற மேசைக்கும் அஞ்சலி" என்று எழுதினான். நம்மவர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

1979, 80இல் படவரைஞர் வகுப்பில் இருந்தவர்களுக்குச் சனிக்கிழமை என்றால் யாழ்ப்பாணத்துப் பிரதான வீதிதான். முதல் சனிக்கிழமை எல்லாரும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் குந்தினோம். இரண்டு பேர் நூலகத்துக்குப் போனார்கள். சேர் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "கோபுரத்தை ஸ்மிதர் துரை வரைஞ்சிட்டார். நூலகத்தை மெட்ராஸ் நரசிம்மன் வரைஞ்சிட்டார். ஆரும் வரையாததைப் போய் வரையுங்கோ." 1875இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவுக்கு எழுந்தது அந்தக் கோபுரம். சேருக்கு அதில் மரியாதை இல்லாமல் இல்லை. எங்களுக்குத்தான் அது வேண்டாம் என்று நினைத்தார்.

யாரும் வரையாதது என்றால், கோட்டைக்குக் கிழக்கே ஒல்லாந்தர் காலத்து வழக்கத்தில் நின்ற விறாந்தை வீடுகள். அளவுநாடா வகுப்புக்கு ஒன்றுதான் இருந்தது. மற்றவர்களுக்குச் சைக்கிள் சில்லு. கம்பியில் சிவப்புத் துணி கட்டி உருட்ட வேண்டும். 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏழடி நாலங்குலம் போகும். சைக்கிளை உருட்டிக்கொண்டு எண்ணிப் போகிற பெடியன்களைக் கண்டால் யார்தான் பயப்படமாட்டார்கள்? "என்ன தம்பி, றோட்டை அகலிக்கப் போறாங்களோ?" என்று ஒரு கடைக்காரர் சோடா உடைத்துத் தந்து விசாரித்தார். இன்னொருவர் வரி மதிப்பிட வந்தவர்கள் என்று நினைத்து விறாந்தையில் கிடந்த புது மேசையை உள்ளே இழுத்துவிட்டார்.

தெருவின் இரண்டு பக்கத்துக்கும் ஏன் விறாந்தை என்று கேட்டார் சேர். ஒரு பக்கத்தில்தானே வெயில் என்றோம். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவில் உச்சிக்கு வரும் சூரியன், ஓகஸ்ட் கடைசி மட்டும் நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. வருடத்துக்குள் இரண்டு பக்கச் சுவருக்கும் முறை வரும். ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புச் சாந்தை அரிக்காமல் காப்பதும் அந்தத் தாழ்ந்த ஓட்டுக் கூரைதான். நல்லூர்ப் பக்கத்து வீடுகள் வேலிக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். அங்கே வழிப்போக்கன் ஒதுங்கச் சங்கடப்படலை, கூரை போட்ட வாசல். இங்கே விறாந்தை. இதை அவர் புத்தகத்தில் காட்டவில்லை, பன்னிரண்டு மணி வெயிலில் நடத்திக் காட்டினார்.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். என் தாளைத் தூக்கிப் பிடித்தார். தூண்கள் நூல் பிடித்த மாதிரி, ஓடுகள் வரிசை பிசகாமல். "வடிவாயிருக்கு" என்றார். அவர் வாயில் வராத சொல்.

"இந்த வீட்டில ஆர் இருக்கினம்?"

"தெரியாது சேர்."

"விறாந்தையில ஆர் இருக்கிறவை? மழைக்கு ஆர் ஒதுங்குறவை?"

நான் பேசவில்லை.

"அப்ப நீ வரைஞ்சது சவப்பெட்டி."

வகுப்பு சிரித்தது. பெண்கள் வாங்கு கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தது. அது அநியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். முகப்புப் படத்தில் குடியிருப்பவர் கணக்கெழுதும் வழக்கம் எந்த நாட்டில் இருக்கிறது? இங்கே வெளிநாட்டில் என் அலுவலகத்தில் கணினிப் படத்தில் ஆட்களை ஒட்டுகிறோம். நாயைக் கூட்டிக்கொண்டு போகும் ஒரு பெண், எல்லாக் கட்டடத்துக்கும் அதே பெண். "ஆர் இவ?" என்று கேட்க ஆளில்லை.

ரோசத்தோடு அடுத்த சனிக்கிழமை விடியவே போய் அந்த வீட்டுக்கு எதிரில் இருந்தேன். இரண்டாவது தூணில், இடுப்புயரத்தில், சாந்து கையகலம் தேய்ந்திருந்தது. பால்காரர் வந்து சைக்கிள் ஹாண்டிலை அதிலேதான் சாத்தினார். பிறகு பேப்பர்காரர், அவரும் அதிலேதான். தேய்ந்த இடத்தை வரைந்து, விளிம்பில் நேரத்தோடு எழுதிக் கொடுத்தேன். சேர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து வைத்தார். அதன்பிறகு எல்லார் தாளிலும் விளிம்புக் குறிப்பு கட்டாயமாயிற்று. அதற்காக என்னைத் திட்டியவர்கள் இதைப் படிப்பார்கள்.

81இல் நூலகம் எரிந்தது. 83 கலவரத்துக்குப் பிறகு நானும் வெளிநாட்டுக்குப் புறப்பட்டேன். 95 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு, அலுமாரியில் இருந்த எங்கள் தாள்களையும் யாரும் காணவில்லை.

2002இல், போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்ததும் ஊருக்குப் போனேன். நூலகம் மறுபடி எழுந்து நின்றது. அதன் முகத்தை அறிந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள், புகைப்படங்கள் இருந்தன. பிரதான வீதியில் கூரையில்லாத சுவர்களுக்குள் மரம் முளைத்திருந்தது. சேர் ஓய்வுபெற்று, தொப்பி போட்டுக்கொண்டு, தனியாக அளந்துகொண்டிருந்தார். "வந்திட்டியோ? உந்த முனையைப் பிடி" என்று நாடாவைத் தந்தார். ஒரு கதவுநிலை: நாலடி ஒன்றரை அங்குலம். எழுதிக்கொண்டே, "ஒரு ஆறு மாதம் நில்லன், மிச்சத்தையும் போட்டிடுவம்" என்றார். எனக்கு வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், திரும்பும் டிக்கெட். "பார்ப்பம் சேர்" என்றேன். அவருக்கு அந்தப் பதிலின் பொருள் தெரியும். "சரி, போட்டு வா" என்று அடுத்த கதவுக்குப் போனார்.

ஒரு வேண்டுகோள். கடைசி வருடத்தில் சிலர் தங்கள் தாள்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனது எனக்குத் தெரியும். பெட்டியடியில் ஏதாவது கிடந்தால், கிழிந்திருந்தாலும் தேத்தண்ணிக் கறை பட்டிருந்தாலும், விளிம்பை வெட்டாமல் போனில் படமெடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். அளவெல்லாம் அடியில்தான் இருக்கும். மீற்றருக்கு மாற்றுவது என் வேலை.