செவ்வாய்க்கிழமை மாத்திரை

10 ஜூன் 2024, திங்கள்

இன்றும் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க ஒன்பதரை ஆகிவிட்டது. எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்குவதே இல்லை. குதிகாலைத் தரையில் ஊன்றினால் ஆணி குத்துகிற மாதிரி இருக்கிறது. நடமாடினால் குறைகிறது, சும்மா உட்கார்ந்தால் திரும்ப வந்துவிடுகிறது. வலது நடுவிரல் அடியிலிருந்து நுனிவரை ஏலக்கி வாழைப்பழம் போல ஒரே பருமனாக வீங்கியிருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரை மூன்றே நாளில் வீக்கத்தை இறக்கியது. நிறுத்தியதும் முழங்கை, தலை, முதுகு எல்லாம் சொரியாசிஸ் என்கிற என் பழைய தோல் நோய் முன்னைவிட மோசமாகக் கிளம்பியது. அது ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

14 ஜூன், வெள்ளி

மூட்டு வாத டாக்டரைப் பார்த்தோம். ஆர்.ஏ. ஃபாக்டர் (முடக்கு வாதத்துக்குப் பார்க்கிற ரத்த டெஸ்ட்) நெகட்டிவ் என்ற ரிப்போர்ட்டை நீட்டினேன். முன்பு பார்த்த இடத்தில் அதை வைத்துத்தான் "வாதமெல்லாம் இல்லை, தையல் வேலையால் வருகிற வலி" என்றார்கள். இவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "கையைக் காட்டுங்கம்மா" என்றார். நகங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குட்டிக் குட்டியாகப் பள்ளங்கள். ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டுவோமே, அந்த உலோகத் தொப்பியில் இருப்பது போலவே. தினமும் பார்க்கிற நகம்தான், நான் கவனித்ததே இல்லை.

சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ், அதாவது சொரியாசிஸோடு சேர்ந்து வருகிற மூட்டு வாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தோலில் செய்கிற அதே வேலையை மூட்டிலும், தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்திலும் செய்கிறதாம். குதிகால் வலி அதனால்தான். இந்த நோயில் ஆர்.ஏ. ஃபாக்டர் பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்குமாம். பலருக்குத் தோலில் முதலில் வந்து, வருஷங்கள் கழித்து மூட்டுக்கு வரும் என்றார். 12 வருஷமாகத் தோல் டாக்டரிடம் போகிறேன். விரல் வலியை அங்கே சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. எக்ஸ்ரேயில் நடுவிரலின் நுனி மூட்டில் எலும்பு அரித்திருக்கிறது. அது இனி பழையபடி ஆகாது.

18 ஜூன், செவ்வாய்

முதல் மெத்தோட்ரெக்ஸேட், எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கிற மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தவறி தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். என் வீட்டுக்காரர் தினசரி காலண்டரில் செவ்வாய்க்கிழமைத் தாள்களில் எல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை ஃபோலிக் ஆசிட் என்கிற வைட்டமின் மாத்திரை. கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது டெஸ்ட்.

அத்தை வெட்பாலைத் தைலத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இதுவே போதாதாம்மா?" என்றார். தோலுக்குத் தடவிக்கொள்கிறேன் அத்தை, மூட்டுக்குள்ளே நடப்பதற்கு மாத்திரைதான் வேண்டும் என்றேன். சரி என்று அவரே முதுகில் தடவிவிட்டார்.

17 ஜூலை, புதன்

செவ்வாய் ராத்திரி போட்டால் புதன் முழுக்கக் குமட்டல். ரத்த ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது. மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று தெரிந்தும் இன்று அழுதுவிட்டேன். அளவு கொடுக்க வந்த ஒரு பெண் என் முழங்கையைப் பார்த்துத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. அதைச் சொல்வதற்குள் படி இறங்கிவிட்டாள்.

3 செப்டம்பர், செவ்வாய்

மிதி மெஷினுக்கு மோட்டார் மாட்டியாச்சு. குதிகாலுக்கு எவ்வளவு நிம்மதி! எடையும் நாலு கிலோ இறங்கியிருக்கிறது. எடை குறைந்தால் மூட்டுக்குச் சுமை குறையும், மருந்தும் நன்றாகப் பிடிக்கும் என்றார் டாக்டர்.

27 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்கு இன்னும் நாலு நாள். போன வருஷத்தில் பாதி ஆர்டர்தான் எடுத்தேன். காலை இறுக்கம் இப்போது கால் மணி நேரத்தில் விட்டுவிடுகிறது. விரல் வீக்கமும் பாதி வடிந்துவிட்டது. குதிகால் மட்டும் முழுசாக அடங்கவில்லை. அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் பயாலஜிக் ஊசி (எதிர்ப்புச் சக்தியில் வீக்கத்தைத் தூண்டுகிற பகுதியை மட்டும் தடுக்கிற மருந்து) பார்க்கலாம் என்கிறார் டாக்டர். சில ஊசிகள் உடம்பில் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடுமாம், அதனால் முதலில் அதற்கு டெஸ்ட். விலையைக் கேட்டு வீட்டுக்காரர் பேசாமல் இருந்தார். காப்பீட்டில் வருமா என்று நாளைக்கு விசாரிக்க வேண்டும்.

இன்னும் ஆறு பிளவுஸுக்குக் கொக்கி வைக்கணும். ஊசியைக் கிள்ளிப் பிடிப்பதுதான் இன்னும் வரவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.