வடியாத வீக்கம்

இமை வீங்கினால் எங்கள் குடியாத்தம் பக்கத்தில் முதலில் நாமக்கட்டியைத்தான் உரைப்பார்கள். (அதுவும் ஜடேரி நாமக்கட்டிதான் வேண்டும் அம்மாவுக்கு. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைத் தானே செய்து விற்றதுபோல் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.) அக்கா மகளுக்கு மேல் இமை சிவந்து தடித்தபோதும் அதையே பூசினார்கள். குற்றமில்லை. கண்கட்டி வராத பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது?

அப்புறம் மெடிக்கலில் சொட்டு மருந்து. அப்புறம் ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக். கேட்கவில்லை என்றதும் இன்னொரு ஆன்டிபயாட்டிக். இப்படி மாற்றி மாற்றிக் கொடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கண்குழியில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் காய்ச்சல் அடிக்கும், கண்ணை அசைத்தாலே வலிக்கும். மருந்து கேட்டால் இரண்டு மூன்று நாளில் வடியத் தொடங்கும். இவளோ காய்ச்சல் எதுவுமில்லாமல் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். வீக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. தலை பின்னும்போது அக்காதான் கவனித்தாள்: "டேய், இவ கண்ணு ஒண்ணு கீழ எறங்கன மாதிரி கீதுடா."

இமை மட்டுமல்ல, முழியே முன்தள்ளிக் கீழே ஒதுங்கியிருந்தது.

வேலூரில் ஸ்கேன் எடுத்து, துளி சதையைப் பரிசோதித்துச் சொன்ன பெயர் ராப்டோமயோசர்கோமா. தசையாக முதிர வேண்டிய செல்கள் முதிராமல் பெருகும் புற்றுநோய். கண்குழியில் வருவது பெரும்பாலும் பத்து வயதுக்குள். சில நாட்களிலேயே பெரிதாகிவிடுவதால்தான் தொற்றுபோல ஏமாற்றுகிறது. விழித்திரையில் வரும் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமாவும் சில குழந்தைகளிடம் இப்படிச் சிவந்து வீங்கித்தான் தெரியவரும். அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கருமணி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே கண் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

"கண்ணை எடுத்துடுவாங்களா?" அக்கா கேட்டது இது ஒன்றைத்தான். ஒரு காலத்தில் எடுத்தார்கள். இப்போது கீமோவும் கதிர்வீச்சும்தான் முதல் வழி. கண்குழியைத் தாண்டாத கட்டி என்றால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து ஏறிய மாதங்களில் முடி கொட்டியது. மெட்ராஸ் ஐ மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டார் தங்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. புற்றுநோய் ஒட்டாது என்று வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டவள் அம்மா.

இப்போது பள்ளிக்குப் போகிறாள். கதிர்வீச்சு பட்ட கண்ணில் பின்னாளில் புரை விழலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்காகச் செக்கப்புக்கு வேலூர் போய் வருகிறோம்.