டி.என்.ஏ. பதிவை அழிப்பது யார் பொறுப்பு?

2001 ஜனவரியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொள்ளை முயற்சி வழக்கில் கைதானான். ஜூன் மாதம் நீதிமன்றம் அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தது. ஆனால் அவனுடைய கைரேகையையும் டி.என்.ஏ.வையும் அழிக்கக் காவல்துறை மறுத்துவிட்டது. ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான் என்பதே அன்றைய சட்டம். விதிவிலக்கு அளிப்பது காவல்துறைத் தலைவரின் விருப்பம். அதே நிலையிலிருந்த இன்னொருவரோடு சேர்ந்து அச்சிறுவன் தொடுத்த வழக்கில்தான், 2008 டிசம்பர் 4 அன்று, ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒருமனதாக, குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருப்பது தனிவாழ்வுக்கான உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தனர்.

1995இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் தேசிய டி.என்.ஏ. தரவுத்தளம், இத்தகையவற்றுள் மூத்தது. அதன் நிர்வாகத்தைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பது மாதிரி. அதில் ஒருவரின் பரம்பரை முழுவதும், நோய்கள் உட்பட, அடங்கியிருக்கிறது. தரவுத்தளத்தில் ஏறும் பதிவோ, டி.என்.ஏ.வின் 16 இடங்களில் அளந்த இணை இணையான எண்களும் ஆணா பெண்ணா என்ற குறியும் மட்டுமே. பார்வைக்கு வங்கிப் பாஸ்புக்கின் ஒரு பக்கத்தைவிடச் சுவாரசியம் குறைந்தது. ஆகவே ஆபத்து அதிகம் மாதிரியில்தான் என்பது என் கருத்து. 2012ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான் பார்த்தது: வழக்குக்குச் சான்றாகத் தேவைப்பட்டாலன்றி, மாதிரியை ஆறு மாதத்துக்குள் அழித்துவிட வேண்டும். அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 77 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் அழிக்கப்பட்டன; 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் நீக்கப்பட்டன.

கடுங்குற்றத்துக்காகக் குற்றச்சாட்டு பதிவாகி, பின்னர் விடுதலையானவரின் பதிவு மூன்றாண்டு இருக்கும். மேலும் இரண்டாண்டு நீட்டிக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். குற்றச்சாட்டே பதிவாகாதவரின் பதிவை வைத்திருக்கக் காவல்துறை விரும்பினால், அதனிடமிருந்து சுதந்திரமாக இயங்கும் பயோமெட்ரிக்ஸ் ஆணையரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். தண்டனை பெற்ற வயதுவந்தோரின் பதிவு மட்டும் இன்றும் காலவரையின்றி நீடிக்கிறது; குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரின் வழக்கில், வடக்கு அயர்லாந்தில் அப்படி வைத்திருந்ததையும் அதே ஐரோப்பிய நீதிமன்றம் 2020இல் ஏற்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் நான் மதிப்பது, யாரும் மனு எழுதாமலே, கெடு முடிந்ததும் பதிவு தானாக நீங்குவதைத்தான். அதுவும் பிழையற்றதன்று, 2021 தொடக்கத்தில் காவல்துறைக் கணினியில் நிரல் தவறால் நீக்கக் கூடாத பதிவுகள் பெருமளவில் நீங்கி, பெரும் சங்கடம் விளைந்தது.

இந்தியாவில் டி.என்.ஏ.வுக்கென வந்த தனி மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. 2022ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டமோ, உயிரியல் மாதிரிகளையும் அவற்றின் பகுப்பாய்வையும் உள்ளடக்கி, பதிவுகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டு வைத்திருக்க அனுமதிக்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையாகி, மேல்முறையீடுகளும் முடிந்தால், நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாதவரை, பதிவை அழிக்க வேண்டும் என்று அச்சட்டமே சொல்கிறது. ஆனால் விதிகளின்படி அதற்கான கோரிக்கை மாநிலத்தின் பொறுப்பு அலுவலரிடம் போய், அவர் சரிபார்த்துப் பரிந்துரைத்த பிறகே காப்பகத்தை எட்டும். வழக்குச் செலவிலேயே நொடித்துப்போன ஒருவர், விடுதலையான மறுநாள் அந்த அலுவலகத்தைத் தேடிப் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை.