கோட்டை வாசலில் ஒரு கல்

திருகோணமலைக்குப் போய் வந்தோம் என்றால் எல்லோரும் நிலாவெளிக் கடற்கரையைத்தான் விசாரிக்கிறார்கள். கடலும் குளித்தோம், குறையில்லை. எனக்கு நினைவில் நிற்பது ஒரு கல்.

முதல் நாளே யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து தங்கிவிட்டோம். மறுநாள் கோணேசர் என்ற சிவன் கோயிலுக்குப் புறப்படப் பத்து மணியாகிவிட்டது. கோயிலுக்குப் பாதை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான். “ஆமிக் காம்புக்குள்ளயா தம்பி சாமி?” என்றார் அம்மா.

வாசல் நிலையில் இரட்டைக் கயல், பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்து. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் பாட்டு அது. அப்படியே நடந்தது. 1622 சித்திரைப் புத்தாண்டன்று சுவாமி ஊர்வலம் போன நேரம் பார்த்து, போர்த்துக்கேயர் பிராமண வேடத்தில் உள்ளே புகுந்தார்கள் என்பது வழிவழிக் கதை. கோயிலை இடித்த கற்களைக் கொண்டே 1624 வாக்கில் கோட்டையைக் கட்டினார்கள்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டார். “எது மதில் கல்லு, எது கோயில் கல்லெண்டு ஆருக்குத் தெரியும்?”

கோயில் இன்னும் தூரம், ஏற்றம் வேறு. தார் ரோட்டு கொதித்தது. நான் கழற்றவில்லை. நடுவழியில் ஒரு மான் வந்து அருச்சனைத் தட்டிலிருந்த வெற்றிலையை இழுத்துத் தின்றது. அம்மா திட்டவில்லை, மிச்சத்தையும் கொடுத்தார்!

இப்போதுள்ள கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். அதற்கு முன்பே, 1950இல், கிணறு வெட்டும்போது பழைய செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. கோயில் இடிபடும் முன் யாரோ அவசரமாகப் புதைத்திருக்க வேண்டும். அந்தக் கைகளை நினைத்தபடியே நின்றதில் ஐயர் தீபம் காட்டியதைத் தவறவிட்டேன். பக்கத்தில் ஒரு பெரியவர் சம்பந்தர் பதிகத்தை மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். சம்பந்தர் இங்கே வரவேயில்லை, இராமேசுவரத்தில் நின்றே கோணமாமலையைப் பாடினார் என்பார்கள்.

கோயிலருகே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே பாறையும் நுரையும். பிள்ளை வரம் கேட்டவர்கள் மரத்தில் கட்டிய தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. அப்புறம் துறைமுகப் பக்கம் ஒரு சுற்று. பெரிய கப்பலும் வந்து நிற்கும் ஆழமாம். எனக்கு அதில் மனம் போகவில்லை.

பின்னேரம் கோட்டையடிக் கடற்கரையில் அம்மா காலை நனைத்தார். உப்புத் தண்ணீர் பட்டதும் “ஸ்ஸ்” என்றார். உள்ளங்காலில் இரண்டு கொப்புளம்.

“செருப்பைப் போட்டிருக்கலாமே அம்மா?”

“நீ போட்டிருந்தியே, காணும்.”